23 ஸ்கிடூ: ஓர் எண்ணை வைத்துச் சிரித்த அமெரிக்கத் தபால் கார்டுகள்

கேள்வி இதுதான்: பழைய ஆல்பம் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அதில் உள்ள அமெரிக்கக் கேலிக் கார்டுகள் சிலவற்றில் '23' என்ற எண் பெரிதாக நிற்கிறது; சிலவற்றில் 'ஸ்கிடூ' என்ற சொல்; சிலவற்றில் இரண்டும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? எந்தக் காலத்துக் கார்டு? அசலா, பிற்காலத்து மறுஅச்சா? நம் ஊர் ஈரக்காற்றில் இதை எப்படிக் காப்பாற்றுவது?

முதலில் பொருள். 'ஸ்கிடூ' என்றால் 'நடையைக் கட்டு', 'இடத்தைக் காலி பண்ணு'. 'காற்று வரட்டும், தள்ளு' என்று நாம் சொல்வோமே, அந்தத் தொனிதான். '23' என்றாலும் அதே பொருள். இரண்டும் தனித்தனியாகப் பிறந்து, பிறகு ஒட்டிக்கொண்டவை. 23-க்கு வயது அதிகம். கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நாளிதழ் ஒன்று 1899 மார்ச்சிலேயே, ஊர் இளவட்டங்கள் 'இருபத்து மூன்று' என்று சொல்லி ஆளை விரட்டுவதாக எழுதியிருக்கிறது. 'ஸ்கிடூ' சில ஆண்டுகள் கழித்து வந்தது. உள்நாட்டுப் போர்க் காலத்திலிருந்து புழங்கிய 'ஸ்கிடாடில்' என்ற சொல்லின் தேய்ந்த வடிவம் அது என்பதே பொருத்தமான விளக்கம். அதற்கும் 'ஓட்டம் பிடி' என்றுதான் அர்த்தம். 1906 வாக்கில் இரண்டும் சேர்ந்து '23 ஸ்கிடூ' ஆகி, நாடு முழுக்கப் பரவிவிட்டது.

ஏன் 23 என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எல்லோரும் ஆசையாகச் சொல்லும் கதை, நியூயார்க்கின் ஃபிளாட்அயர்ன் கட்டடத்தைப் பற்றியது. பிராட்வேயும் ஃபிஃப்த் அவென்யூவும் 23-ஆவது தெருவில் சந்திக்கிற முக்கோண மனையில், இஸ்திரிப் பெட்டி வடிவில் 1902-ல் எழுந்த கட்டடம் அது. அதன் முனையில் காற்று சுழன்றடித்துப் பெண்களின் பாவாடையைத் தூக்குமாம். வேடிக்கை பார்க்கக் கூடிய ஆண்களைப் போலீஸ்காரர் '23 ஸ்கிடூ' என்று துரத்துவாராம். காற்று உண்மை, கூடி நின்றதும் உண்மை. ஆனால் கட்டடம் எழுவதற்கு மூன்று ஆண்டு முன்பே 23 அச்சேறிவிட்டதால், சொல் அங்கே பிறந்திருக்க முடியாது. இன்னொரு கதை, பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய புகழ்பெற்ற ஆங்கில நாவலின் கடைசியில் கில்லட்டினுக்குப் போகிறவனின் வரிசை எண் 23 என்பது. அந்த எண் நாவலில் இருக்கிறது; ஆனால் அதிலிருந்துதான் தெருப்பேச்சுக்கு வந்தது என்று நிறுவ ஆதாரம் போதாது. கார்டு சேகரிக்கிறவர் இந்தச் சண்டைக்குள் இறங்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: ஃபிளாட்அயர்ன் படம் போட்ட கார்டுகள் சொல்லின் பிறப்புச் சான்றிதழ் அல்ல. அதன் புகழ் கட்டடத்தின் மேல் ஏறியதற்கான சாட்சி.

ஓர் எண்ணும் ஒரு சொல்லும் இத்தனை கார்டுகளில் ஏறியதற்குக் காரணம் நகைச்சுவை மட்டுமல்ல, தபால் விதியும்தான். இந்தக் கார்டுகளைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான விஷயம் இல்லை என்பது என் கருத்து.

1898 மே 19-ல் அமெரிக்க காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம், தனியார் அச்சிட்ட கார்டுகளையும் அரசுக் கார்டைப் போலவே 1 சென்டுக்கு அனுப்ப வழிசெய்தது. 1901 டிசம்பரிலிருந்து அவற்றின் மேல் 'போஸ்ட் கார்டு' என்று அச்சிடலாம் என்றானது. ஆனால் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும். செய்தி எழுத வேண்டுமானால் படம் இருக்கிற பக்கத்தில், ஓரத்து வெள்ளைப் பட்டையில் நுணுக்கி எழுத வேண்டும். இங்கிலாந்து 1902-லேயே பின்பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பாதியைச் செய்திக்குத் தந்துவிட்டது. அமெரிக்காவில் அது 1907 மார்ச் 1-ஆம் தேதிதான் வந்தது.

அதாவது, '23 ஸ்கிடூ' உச்சத்தில் இருந்த 1906-ல் அமெரிக்கக் கார்டில் எழுத இடமே இல்லை. அனுப்புகிறவர் சொல்ல நினைப்பதைக் கார்டே சொல்லிவிட வேண்டும். இரண்டு இலக்கமும் ஒரு சொல்லும் அதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஓரத்தில் 'உனக்குத்தான்' என்று எழுதினால் போதும், கையெழுத்துகூடத் தேவையில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கார்டு திறந்த தபால். தபால்காரரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் வரை படிப்பார்கள். வெளிப்பக்கத்தில் ஆபாசமாகவோ அவதூறாகவோ எழுதிய தபாலை ஏற்கக் கூடாது என்று 1888-லேயே சட்டம் வந்துவிட்டது. நேரடியாகத் திட்டினால் வம்பு. '23' என்று போட்டால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. வாங்கியவருக்கு மட்டும் சுருக்கென்று தைக்கும். பெயர் போடாமல் கேலி வாழ்த்து அனுப்புகிற பழக்கம் அங்கே புதிதல்ல. காதலர் தினத்தன்று வேண்டாத ஆளுக்கு அனுப்பும் 'வினிகர் வாலண்டைன்' என்ற மட்டமான அச்சுத்தாள்கள் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே விற்றன. ஸ்கிடூ கார்டு அந்தப் பழக்கத்தின் மென்மையான தங்கை.

படங்களில் திரும்பத் திரும்ப வருபவை சில. வாசலில் நிற்கும் காதலன், கதவுக்குப் பின்னிருந்து நீளும் அப்பாவின் பூட்ஸ் கால், கதவில் வீட்டு எண் 23. பூங்கா நாற்காலியில் தூங்குகிறவனைத் தட்டி எழுப்பும் போலீஸ்காரர், அவர் மார்பில் எண் 23. துடைப்பம், குரைக்கும் நாய், காலண்டர்த் தாள். ஓவியர் எண்ணை ஒளித்து வைத்திருப்பார்; தேடிக் கண்டுபிடிப்பதே பாதிச் சிரிப்பு. ஆகவே எண் எதுவும் இல்லாதது போலத் தெரிகிற துரத்தல் கார்டு ஒன்று கிடைத்தால் சட்டைப் பொத்தான், ரயில் பெட்டி எண், கடைப்பலகை என்று எல்லாவற்றையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

இனி அச்சு. 10 மடங்கு பெருக்கும் மடக்கு லென்ஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். கைபேசிக் கேமராவின் பெருக்கத்தை நம்பாதீர்கள். அது புள்ளிகளைத் தானாக மெழுகிவிடும். மலிவான கேலிக் கார்டு ஒன்றை லென்ஸுக்கு அடியில் வைத்தால் கறுப்புக் கோடுகள் திடமாக, புள்ளியே இல்லாமல் இருக்கும். அதன் மேல் சிவப்போ பச்சையோ தனியாக அடித்த திட்டு தெரியும். அந்தத் திட்டு கோட்டுக்குள் அடங்காமல் அரை மில்லிமீட்டர் வெளியே வழிந்திருக்கும்: கன்னத்துச் சிவப்பு காதுக்குப் போயிருக்கும், தொப்பியின் பச்சை வானத்தில் கிடக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தாளை ஒருமுறை இயந்திரத்தில் விட்டு எடுத்ததால் வந்த பிசகு அது. குறை என்று ஒதுக்காதீர்கள். அது நல்ல அடையாளம். ஜெர்மனியில் அச்சான உயர்தரக் கல்லச்சுக் கார்டுகளில் நிறங்கள் ஒழுங்கற்ற மணல் தூவல் போலத் தெரியும். படத்தைப் புள்ளிகளாக உடைத்து அச்சிடும் ஹாஃப்டோன் கார்டில் ஒரே அளவு இடைவெளியில் புள்ளி வரிசைகள். ஆனால் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு நிறப் புள்ளிகள் சின்னச் சின்ன ரோஜா வட்டங்களாகக் கூடி நின்றால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு. நிறத்துளிகள் வரிசையே இல்லாமல் சிதறித் தெளித்தாற்போல இருந்தால் வீட்டு இங்க்ஜெட்.

புள்ளியே இல்லாமல், சாம்பல் நிறம் வழுக்கிக்கொண்டு போனால் அது நிஜப் புகைப்படக் கார்டு. கோடாக் நிறுவனம் 1903-ல் 3ஏ மடக்குக் கேமராவைக் கொண்டுவந்தது. அதன் படச்சுருள் 3¼ × 5½ அங்குலம், ஏறக்குறைய கார்டு அளவு. கார்டுத் தாளிலேயே நேரடியாகப் படத்தைப் பதிக்கலாம். நண்பர்கள் சேர்ந்து '23' பலகையைப் பிடித்துக்கொண்டு எடுத்த படங்கள் இந்த வகை. அச்சானது ஆயிரக்கணக்கில் இருக்கும். இது விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கும், அதனால் மதிப்பு. பின்பக்கத்தில் தபால்தலை ஒட்டும் கட்டத்தைப் பாருங்கள்: 'ஏசோ' என்ற புகைப்படத் தாள் வகையின் பெயரோடு நான்கு மூலையிலும் மேல் நோக்கிய முக்கோணம் இருந்தால் தாள் 1904-லிருந்து 1918 வரையிலானது. இரண்டு மேலேயும் இரண்டு கீழேயும் நோக்கினால் 1918-க்குப் பிந்தையது. அது 1906-ன் ஸ்கிடூ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். கறுப்புப் பகுதிகளின் ஓரத்தில் சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளி மினுக்கம் தெரிவது பழைய படத்துக்கு இயல்பு. அதைத் துடைக்க முயல வேண்டாம்.

தேதி கண்டுபிடிக்க முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துக்கு வாருங்கள். கோடு இல்லாத பின்பக்கம், 'இந்தப் பக்கம் முகவரிக்கு மட்டும்' என்ற வரி, இரண்டும் இருந்தால் அச்சு 1907 மார்ச்சுக்கு முந்தையது. அஞ்சல் முத்திரை 1908, 1909 என்று இருந்தாலும் குழம்பாதீர்கள். கடைக்காரர்கள் பழைய சரக்கைத் தீரும் வரை விற்றார்கள். சிலர் பேனாவால் தாங்களே நடுவில் கோடு போட்டு எழுதியிருப்பார்கள். நடுக்கோட்டுடன் அச்சான கார்டில் 1906 முத்திரை இருந்தால் நிதானமாக ஆராயுங்கள். வெளிநாட்டுச் சந்தைக்கு அச்சிட்டதாகவோ முன்கூட்டியே அடித்ததாகவோ இருக்கலாம். முத்திரை போலியாகவும் இருக்கலாம்.

தபால்தலை அடுத்த சாட்சி. 1906, 1907-ல் ஒட்டியது பெரும்பாலும் ஃபிராங்க்ளின் உருவம் போட்ட பச்சை நிற 1 சென்ட் தலை, 1902 தொடர். தலையின் மேலேயே 'சீரிஸ் 1902' என்று இருக்கும். 1907-ல் ஜேம்ஸ்டவுன் நினைவுத்தலையும் வந்தது. அதில் கேப்டன் ஜான் ஸ்மித். 1908 டிசம்பருக்குப் பின் வந்த ஃபிராங்க்ளின் தலையில் 'ஒன் சென்ட்' என்று எழுத்தால் இருக்கும். 1912-லிருந்து 1 சென்டில் வாஷிங்டன் வந்துவிடுகிறார், மதிப்பும் எண்ணால். முத்திரை அழிந்திருந்தால் கட்டணத்தைப் பாருங்கள்: 1917 நவம்பர் 2 முதல் 1919 ஜூன் இறுதி வரை போர்க்கால வரியால் கார்டுக்கு 2 சென்ட். 2 சென்ட் ஒட்டி உள்நாட்டுக்குள் போன கார்டு பெரும்பாலும் ஸ்கிடூ காலத்தில் அனுப்பியதாக இருக்காது. வெளிநாட்டுக்கு அப்போதே 2 சென்ட் என்பதால், முகவரியையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

தலையைக் கிழித்தெடுத்த கார்டுகள் நிறையக் கிடைக்கும். தலை சேகரிப்பவர்கள் செய்த வேலை. மதிப்பு இறங்கும், ஆனால் தேதிக்கு முத்திரையின் மீதிப் பகுதி போதும். தலையை நீராவியில் காட்டியோ நனைத்தோ எடுக்காதீர்கள். முத்திரையின் பாதி தலையிலும் பாதி கார்டிலும் ஓடுவதே அந்தக் கார்டு உண்மையாகப் பயணித்ததற்கு அத்தாட்சி.

மறுஅச்சுகளைப் பிடிக்க எளிய அடையாளங்கள் உண்டு. அச்சிட்டவர் முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு இருந்தால் 1963-க்குப் பிந்தையது. பார்கோடு இருந்தால் சொல்லவே வேண்டாம். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை இருட்டறையில் அடியுங்கள். 1950-களுக்குப் பிறகு காகிதத்தில் சேர்த்த வெளுப்பூட்டிகள் பளிச்சென்ற நீல வெள்ளையில் ஒளிரும். 1906 தாள் மந்தமாகவே இருக்கும். இதில் ஒரு நுட்பம்: ஒளிர்ந்தால் புதியது என்று சொல்லலாம், ஒளிராவிட்டால் பழையது என்று சொல்லிவிட முடியாது. வெளுப்பூட்டி சேர்க்காத தாள் இன்றும் கிடைக்கிறது. அதனால் டார்ச்சும் லென்ஸும் பின்பக்கமும் ஒரே பதிலைத் தர வேண்டும். மூன்றில் ஒன்று முரண்டு பிடித்தாலும் பணத்தை எடுக்காதீர்கள்.

விற்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, இந்தச் சொல்லை 1920-களின் நாகரிக நங்கையர் காலத்தோடு சேர்ப்பது. பிற்காலத்தில் அந்தக் காலத்தைப் பற்றிய கேளிக்கைகளில் இந்தத் தொடரை அள்ளித் தெளித்ததால் வந்த மயக்கம். 1920-களில் அது தாத்தா காலத்துச் சொல். தலைப்பில் அப்படி எழுதியிருக்கிறார் என்பதற்காக விற்பவரைப் போலி ஆசாமி என்று முடிவு கட்ட வேண்டாம். தலைப்பை விட்டுவிட்டு, கார்டின் இரு பக்கப் படங்களையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தோல் கார்டுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்கிடூவுக்கு அவை மிகப் பொருந்தின. மெல்லிய மான்தோலை கார்டு அளவுக்கு வெட்டி, சூடான ஊசியாலோ அச்சாலோ படத்தைச் சுட்டு, சில இடங்களில் சாயம் தீட்டுவார்கள். நீள வசனத்தைத் தோலில் சுடுவது பெருவேலை. '23' என்பது நான்கைந்து இழுப்பில் முடிந்துவிடும். ஓரங்களில் துளை வரிசை இருந்தால் சேதம் என்று நினைக்காதீர்கள். வந்த கார்டுகளைச் சேர்த்துத் தைத்துத் தலையணை உறை செய்வது அப்போதைய மோகம். முத்திரை இயந்திரத்தில் தோல் சிக்கிக்கொண்டதால் தபால் துறை பிற்பாடு இவற்றுக்குத் தடை போட்டது. தோலில் பசை பிடிக்காமல் தபால்தலை உதிர்ந்திருப்பதும் சகஜம். இவற்றுக்கு எண்ணெய் தடவவே கூடாது. சுட்ட கோட்டுக்கும் தோலுக்கும் உள்ள நிற வேறுபாடு குறைந்து, படம் மங்கிவிடும். தொட்டால் சிவந்த தூள் விரலில் ஒட்டினால் தோல் அழிய ஆரம்பித்துவிட்டது. அமிலமற்ற தாளில் சுற்றி, மற்றவற்றிலிருந்து பிரித்து, மடக்காமல் தட்டையாக வைப்பதைத் தவிர வீட்டில் எதுவும் செய்ய வேண்டாம்.

கண்ணாடித் தூள் ஒட்டி மினுக்கிய கார்டுகளும் உண்டு. அந்தத் தூள் தபால் ஊழியர் கையைக் கீறியதால் உறைக்குள் போட்டு அனுப்பச் சொன்னார்கள். ஆகவே தூள் கார்டில் முத்திரையே இல்லை என்றால் அது சந்தேகத்துக்குரியதல்ல.

இந்தத் தொடரின் புகழ் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் ஓர் ஊரே சாட்சி. 1906-ல் தங்கம் கிடைத்து எழுந்த சுரங்க ஊருக்கு ஸ்கிடூ என்றே பெயர் வைத்தார்கள். தண்ணீர் டெலஸ்கோப் மலைப்பக்கமிருந்து குழாயில் வந்தது. அந்தக் குழாயின் நீளம் 23 மைல் என்பதால் இந்தப் பெயர் என்பார்கள். தங்கம் தீர்ந்தது, 1917-ல் தபால் நிலையமும் மூடியது, ஊர் காலியானது. அந்த ஊர் முத்திரை விழுந்த கார்டு, படம் எதுவானாலும், தபால் வரலாற்றுக்காரர்கள் போட்டி போட்டு வாங்கும் பொருள். அதனால்தான் அதில் போலி முத்திரை அபாயமும் அதிகம்.

ஸ்கிடூ தனியாக நிற்கவில்லை. 'நான் மிசூரிக்காரன், காட்டினால்தான் நம்புவேன்' என்ற தொடரைப் பரப்பியவர் காங்கிரஸ் உறுப்பினர் வில்லர்ட் வேண்டைவர். 1899-ல் ஃபிலடெல்ஃபியா விருந்தொன்றில் சொன்னார். அதை வைத்து வந்த கார்டுகளில் மிசூரியின் கோவேறு கழுதை தவறாமல் நிற்கும். 1909-ல் 'ஓ யூ கிட்' என்ற கொஞ்சல் கிளம்பியது. மனைவி ஒரு பக்கம், கண்ணடிக்கும் கணவன் மறுபக்கம் என்று கார்டுகள் குவிந்தன. அவை எல்லாம் நடுக்கோட்டுப் பின்பக்கம் வந்த பிறகு அச்சானவை. ஸ்கிடூ கார்டுகளையும் அவற்றையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்: முன்னதில் படத்தைச் சுற்றி எழுத விட்ட வெள்ளை இடம், பின்னதில் ஓரம் வரை நிறைந்த படம்.

எவ்வளவு அச்சானது என்று கேட்டால், 1908 ஜூன் 30-ல் முடிந்த ஓராண்டில் அமெரிக்கத் தபாலில் போன கார்டுகள் 67 கோடியே 77 லட்சத்து 77 ஆயிரத்து 798. அப்போது மக்கள்தொகை ஒன்பது கோடிக்குச் சற்றுக் குறைவு. ஆகவே பழசு என்பதாலேயே விலை வராது. சாதாரண அச்சு ஸ்கிடூ கார்டு இன்றும் சில டாலருக்குக் கிடைக்கும். தோல், நிஜப் புகைப்படம், ஓவியர் கையெழுத்துள்ளது, மூலை மழுங்காதது, இவைதான் விலையை ஏற்றும். மூலைகளைத்தான் முதலில் பாருங்கள். ஆல்பத்தில் செருகிய தடம் மூலையில் வெளிறிய முக்கோணமாக இருக்கும், அது பொறுத்துக்கொள்ளலாம். மடிப்புக் கோடு தாளின் மேற்பூச்சை உடைத்திருந்தால் விலை பாதிக்கும் கீழே.

ஈபே போன்ற இடங்களில் தேடும்போது 'ஸ்கிடூ' என்று மட்டும் அடித்தால் பனிச்சறுக்கு வண்டிகள் கொட்டும். 1959-ல் வந்த 'ஸ்கி-டூ' வண்டியின் பெயர் அது. தபால் கார்டுப் பிரிவுக்குள் போய், '23' சேர்த்துத் தேடுங்கள். விற்பவர் எழுதும் 'யுடிபி' என்பது கோடில்லாப் பின்பக்கம், 'டிபி' நடுக்கோட்டுப் பின்பக்கம், 'ஆர்பிபிசி' நிஜப் புகைப்படக் கார்டு. பின்பக்கப் படம் போடாத விற்பனையில் கேட்டு வாங்கிப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

காப்பாற்றும் முறை. ஆல்பத்திலிருந்து எடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே படம் பிடியுங்கள். யார் யாருக்கு அனுப்பினார், எந்த வரிசையில் வந்தது என்ற தகவல் அதில்தான் இருக்கிறது. மூலைச் செருகலில் இருந்தால் ஒரு மூலையை மட்டும் விடுவித்து மெல்ல வளைத்து எடுக்க வேண்டாம். வளைத்தால் மேற்பூச்சு வெடிக்கும். செருகல் தாளை வெட்டிவிடுங்கள். பசை போட்டு ஒட்டியிருந்தால் நனைக்காதீர்கள், மை ஓடும். பல் இடுக்கு நூலைக் கார்டுக்கும் தாளுக்கும் நடுவே விட்டு அறுப்பது போல இழுத்துப் பாருங்கள். தடுத்தால் நிறுத்தி, கார்டைச் சுற்றி ஆல்பத் தாளையே வெட்டி, முதுகில் ஒட்டிய தாளோடு வைத்துக்கொள்ளுங்கள்.

உறை பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டரில், ஏறக்குறைய 9.5 × 14.5 செ.மீ அளவில் வாங்குங்கள். பிளாஸ்டிக் வாடை அடிக்கும் மெத்தென்ற பிவிசி உறை கூடாது. அதிலிருந்து கசியும் பொருள் மையைப் பிடித்திழுத்து, கார்டு உறையோடு ஒட்டிக்கொள்ளும். லேமினேஷன் பேச்சே வேண்டாம்.

நம் கடலோர ஊர்களில் காற்றின் ஈரம் 70 சதவீதத்துக்கு மேல் சாதாரணம். காகிதத்துக்கு 40 முதல் 50 சதவீதம் உகந்தது. இறுக்கி மூடும் 10 லிட்டர் டப்பாவில் உறையிட்ட கார்டுகளை நிமிர்த்தி வைத்து, 100 கிராம் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் போட்டு, சின்ன ஈரமானி ஒன்றையும் உள்ளே வையுங்கள். ஆரஞ்சு மணிகள் பச்சையானதும் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் வேலை செய்யும். ஈரம் 35-க்குக் கீழே இறங்கினால் பாதி ஜெல்லை எடுத்துவிடுங்கள். அளவுக்கு மீறிக் காய்ந்தால் நிஜப் புகைப்படக் கார்டு அப்பளம் போலச் சுருளும்.

ராமபாணப் பூச்சி பழைய ஆல்பத்தோடு வீட்டுக்குள் வரும். புதிதாக வந்ததை ஜிப் உறை இரண்டில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, காற்றைப் பிழிந்தெடுத்து, உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஒரு நாள் முழுக்கப் பிரிக்காதீர்கள். உடனே பிரித்தால் குளிர்ந்த கார்டின் மேல் நீர் கோத்துவிடும். பூஞ்சை இருந்தால் முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே நிழலில், காய்ந்த மென்தூரிகையால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். பழுப்புப் புள்ளிகள் தாளுக்குள்ளேயே ஊறியவை; வெளுக்கப் போனால் படமும் சேர்ந்து போகும்.

ஸ்கேன் 600 டிபிஐ-யில் எடுங்கள். 3½ × 5½ அங்குலக் கார்டு 2100 × 3300 பிக்சல் வரும், அச்சுப்புள்ளிகளை எண்ண அது போதும். மென்பொருளில் 'டிஸ்கிரீன்' வசதியை அணைத்து வையுங்கள். அது படத்தை அழகாக்குகிறேன் என்று அச்சு முறையின் தடயத்தை அழித்துவிடும். இரு பக்கமும் ஒரே எண்ணில் சேமித்து, எண்ணுக்குப் பின் மு, பி என்று சேர்த்தால் குழப்பம் வராது. மங்கிப்போன பென்சில் எழுத்து ஸ்கேனில் தெரியாவிட்டால், இருட்டில் கார்டைப் படுக்க வைத்து டார்ச்சை மேசை மட்டத்திலிருந்து சாய்த்து அடித்துப் படமெடுங்கள். பென்சில் அழுத்திய பள்ளம் நிழலாக எழுந்து, கையெழுத்தில்லாக் கார்டின் ஓரத்தில் இருக்கிற இரண்டெழுத்து இனிஷியல்கூடப் படிக்க வரும்.